கட்டில் முதலில், ஜன்னல் பிறகு: புது வீட்டுப் பிளானைத் திருத்தும் முறை

வீட்டுப் பிளான் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் அறை அளவுகளைத்தான் படிக்கிறோம். ஹால் 16க்கு 12, பெட்ரூம் 12க்கு 10, சரி, போதும் என்று தலையாட்டிவிடுகிறோம். அந்தப் பெட்ரூமில் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி வரும், கதவைத் திறந்தால் பீரோவில் இடிக்குமா, ஜன்னல் காற்று படுத்திருப்பவர் மேல் படுமா என்று கேட்பதில்லை. சாமான் இறக்கும் நாளில்தான் இந்தக் கேள்விகள் எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும்.

எங்கள் வீட்டுப் பெட்ரூம் ஒன்றில் இரண்டு ஜன்னல்கள். இரண்டும் சுவரின் நட்டநடுவில். பிளானில் பார்க்க அழகாகவே இருந்தது. குடிபோன பிறகு பார்த்தால் பீரோ வைக்க முழுச் சுவர் ஒன்றுகூட இல்லை. இன்றுவரை ஒரு ஜன்னலை மறைத்துக்கொண்டுதான் பீரோ நிற்கிறது. மறைபட்டது காற்று வரும் பக்கத்து ஜன்னல். பிளான் காகிதத்தில் இருந்தபோது அதை மூன்றடி தள்ளிப் போட ஒரு ரப்பர் போதுமாக இருந்தது. அதனால்தான் பிளானோடு வரும் எல்லோரிடமும் நான் ஒரே வரிசையைச் சொல்கிறேன்: முதலில் சாமான்கள், அடுத்து கதவுகள், கடைசியாக ஜன்னல்கள். வழக்கமாக இது தலைகீழாக நடப்பதால்தான் வீட்டின் பாதித் தொல்லை.

சாமான்களை வெட்டி வையுங்கள்

பிளானை 1:50 அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏ4 தாளில் சுமார் 48 அடிக்கு 34 அடி அடங்கும். பல வீடுகளுக்கு இது போதும். இந்த அளவில் ஓர் அடி என்பது காகிதத்தில் சுமார் 6 மில்லிமீட்டர். அப்புறம் வண்ணக் காகிதத்தில் உங்கள் சாமான்களை அதே அளவில் வெட்டுங்கள். இருவர் படுக்கும் கட்டில் 5 அல்லது 6 அடி அகலம், ஆறரை அடி நீளம். துணி அலமாரி 2 அடி ஆழம். மூவர் உட்காரும் சோபா சுமார் 7 அடிக்கு 3 அடி. ஏற்கெனவே வைத்திருக்கும் பொருள் என்றால் டேப் வைத்து அளந்துவிடுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

சாமானைவிட முக்கியம் அதைச் சுற்றி வேண்டிய காலியிடம். கட்டிலின் இரு பக்கமும் 2 முதல் இரண்டரை அடி இல்லையென்றால் விரிப்பு மாற்றுவதே பெரிய வேலையாகிவிடும். அலமாரி முன்னால் 3 அடி வேண்டும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலியை இழுத்து உட்கார 3 அடி. இந்தக் காலியிடத்தையும் மெல்லிய பென்சில் கோட்டால் சாமானைச் சுற்றி வரைந்துவிடுங்கள். இரண்டு காலியிடங்கள் ஒன்றின்மேல் ஒன்று வரலாம். காலியிடத்துக்குள் இன்னொரு சாமானோ கதவோ வரக்கூடாது.

பிளானில் எழுதியிருக்கும் அளவு சுவருக்குச் சுவர் உள்ளளவா, சுவரின் நடுக்கோட்டில் இருந்து எடுத்ததா என்று வரைந்தவரிடம் கேட்டுவிடுங்கள். பூச்சுக்கு மட்டும் இரு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலமாவது போய்விடும். சுவரை ஒட்டி இழைத்துச் செய்யும் அலமாரிக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய விஷயம்.

நடக்கும் கோடுகள்

இப்போது சிவப்புப் பேனாவால் ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் நடந்து பாருங்கள். காலையில் கட்டிலிலிருந்து குளியலறை, அங்கிருந்து சமையலறை. வண்டியிலிருந்து இறக்கிய சாமான் பை சமையலறைக்குப் போகும் வழி. துவைத்த துணி காயப்போடும் இடத்துக்குப் போகும் வழி. வந்த விருந்தினர் கழிவறைக்குப் போகும் வழி. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டு முடித்தபின் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால் எந்த அறை உட்காரும் இடம், எது வெறும் நடைபாதை என்று பளிச்சென்று தெரியும்.

ஹாலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கோடு போகிறதென்றால் அந்த ஹால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சோபாவுக்கு நிம்மதியான மூலை கிடைக்காது. தீர்வு பெரும்பாலும் எளிது. எதிரெதிர் மூலைகளில் இருக்கும் கதவுகளை ஒரே சுவர்ப் பக்கமாக நகர்த்துங்கள். நடை அந்த ஓரத்தோடு போய்விடும். மீதி இடம் அமைதியாகிவிடும். அறையின் அளவை ஓர் அடிகூட கூட்டாமல் அறை பெரிதானதுபோல இருக்கும். புது வீட்டுப் பிளானில் நான் பார்த்த திருத்தங்களிலேயே செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான்.

கதவுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே எவ்வளவு விடுவது என்பதையும் இங்கேயே முடிவு செய்யலாம். அந்தப் பக்கச் சுவரில் அலமாரி வரப்போகிறது என்றால் 2 அடி 3 அங்குலம் விடுங்கள். இல்லையென்றால் நிலைக்கும் பூச்சுக்கும் 4 முதல் 6 அங்குலம் போதும். இடைப்பட்ட ஓர் அடி, ஒன்றரை அடி எதற்கும் உதவாது. அறைக்கதவுக்கு 3 அடி அகலம் வையுங்கள். நடைவழி மூன்றரை அடி இருந்தால் கட்டிலையும் பீரோவையும் திருப்பிக் கொண்டுபோகலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டிலும், என்றாவது நாமும் வயதாகப்போகும் வீட்டிலும், கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு 5 அடி வட்டம் உள்ள ஒரு குளியலறையும் இருக்கட்டும்.

சமையலறையில் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள்ளும், மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள்ளும் இருந்தால் கால் வலிக்காது. அந்த முக்கோணத்தின் நடுவே பின்வாசலுக்குப் போகும் வழி ஓடக்கூடாது. கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்புபவர் மேல் யாராவது மோதுவது அங்கேதான்.

மாடிப்படியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பிளானில் அதற்குத்தான் எப்போதும் மீந்த இடத்தை ஒதுக்குகிறார்கள். பிரான்சுவா ப்ளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்குச் சொன்னார்: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு கால் வைக்கும் மிதியின் அகலத்தைக் கூட்டினால் மனிதன் எடுத்து வைக்கும் ஓர் எட்டின் நீளம் வர வேண்டும். இன்றும் 24, 25 அங்குலம் என்று அதையே பின்பற்றுகிறார்கள். போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து மேல்தளத்துத் தரை 10 அடி, அதாவது 120 அங்குலம். 18 படி ஏறினால் ஒவ்வொன்றும் 6.67 அங்குலம். மிதி 11 அங்குலம் வைத்தால் கணக்கு 24.3, அருமை. ஆனால் ஒரே நேராக ஏறினால் 17 மிதிக்கு (கடைசிப் படி மேல்தளத்துத் தரையே) 15 அடி 7 அங்குலம் நீளம் வேண்டும். பிளானில் 12 அடிதான் ஒதுக்கியிருந்தால் மிதி எட்டரை அங்குலமாகச் சுருங்கிவிடும். பாதம் முழுவதும் படியில் நிற்காது. இறங்கும்போது தடுக்கி விழும் படிகள் இப்படித்தான் உருவாகின்றன. இடம் இல்லையென்றால் நடுவில் திரும்பி ஏறும் படியாக மாற்றுங்கள், ஆனால் படியின் அளவில் கைவைக்காதீர்கள்.

குளியலறைகள் முதுகோடு முதுகாகவும், மாடியில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகவும் வந்தால் குழாய் வேலை சுருங்கும். பின்னாளில் கசிவைக் கண்டுபிடிப்பதும் சுலபம். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் ஃப்ளஷ் தொட்டி வந்தால், சத்தம் கேட்காதிருக்க இடையில் அலமாரி வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு ஒரு கணக்கு

ஜன்னலுக்கு வருவோம். பிளானில் வடக்கு எது என்று பெரிய அம்புக்குறி போடுங்கள். மனைக்குக் காலை 8 மணிக்கும் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் போய் நின்று, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது, வெயில் எங்கிருந்து அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நண்பகல் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் 90இலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கோணம். ஜூன் 21 வாக்கில் சூரியன் 23.4 பாகை வடக்கே நகர்ந்திருக்கும். டிசம்பர் 21 வாக்கில் அதே அளவு தெற்கே. வடக்கு அட்சரேகை 40இல் இருக்கும் வீட்டுக்கு டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கில் 26.6 பாகைதான் எழும்பும். குளிர்காலத்துக்கு இதமான அந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியாக அறைக்குள் நீளமாக வந்து விழும். ஜூனில் அது 73.4 பாகை உயரத்துக்குப் போய்விடுவதால் ஜன்னலுக்கு மேல் நீட்டும் சிறிய சன்ஷேடே தடுத்துவிடும். தென் அரைக்கோளத்தில் இதெல்லாம், மாதங்கள் இடம் மாறி, வடக்குச் சுவருக்குப் பொருந்தும். அட்சரேகை 10 போன்ற வெப்ப இடங்களில் சூரியன் ஆண்டில் சில மாதம் வடக்கிலும் மீதி மாதம் தெற்கிலும் இருக்கும். ஆனால் நண்பகலில் எப்போதும் நல்ல உயரத்திலேயே.

சன்ஷேட் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதும் இந்தக் கோணத்தில் இருந்தே வரும். ஜன்னலுக்கு நேர் எதிரே சூரியன் 70 பாகை உயரத்தில் இருந்தால், 4 அடி உயர ஜன்னலை முழுவதும் நிழலில் வைக்க ஒன்றரை அடி சன்ஷேட் போதும். 60 பாகை என்றால் 2 அடி 4 அங்குலம். இப்போது மேற்குச் சுவரைப் பாருங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சம இரவு நாட்களில் மாலை 4 மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும். அதே 4 அடி ஜன்னலை மறைக்க ஏறத்தாழ 7 அடி சன்ஷேட் வேண்டும்! யாரும் அப்படிக் கட்டுவதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே இரண்டடி சன்ஷேடைப் போட்டுவிட்டு, மேற்கு அறை ஏன் ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கிறது என்று பிறகு கேட்கிறோம்.

வெப்பம் மிகுந்த இடமாக இருந்தால் மேற்கில் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை, அலமாரி வரிசை ஆகியவற்றை வைத்துப் படுக்கையறைக்கு அரணாக்குங்கள். மேற்கில் ஜன்னல் வேண்டியே தீர வேண்டும் என்றால் குறுகலாக வையுங்கள். பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் தடுப்பு, வராந்தா, மரம், வெளிப்பக்கத்துப் பலகைக் கதவு இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே திரை போடுவது கண் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டில் பெரும்பங்கு அறையிலேயே தங்கிவிடும். குளிர் இடமென்றால் கணக்கு திரும்பும்: நண்பகல் சூரியன் வரும் பக்கத்தில் பெரிய ஜன்னல்கள், எதிர்ப்பக்கத்தில் சிறியவை.

காற்று வர வழி, போக வழி

ஒரு ஜன்னலை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் காற்று வெளியேற வேறு வழியில்லாத அறையில் அது நின்றுவிடும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு நுழைவு, ஒரு வெளியேற்றம் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். எதிர்ச்சுவரிலோ பக்கச் சுவரிலோ இரண்டாவது திறப்பு வேண்டும். நேருக்கு நேர் வைத்தால் காற்று ஒரே கோட்டில் ஓடிவிடும்; மூலைக்கு மூலையாகச் சற்றுத் தள்ளி வைத்தால் அறையைத் தழுவிக்கொண்டு போகும். வெளியேறும் திறப்பு, நுழையும் திறப்பின் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கட்டும்.

காற்று அறைக்குள் எந்த உயரத்தில் ஓடும் என்பதைப் பெரும்பாலும் நுழையும் ஜன்னல்தான் தீர்மானிக்கிறது. அதனால் காற்று வரும் பக்கத்து ஜன்னலைப் படுத்திருக்கும், உட்கார்ந்திருக்கும் உடலின் உயரத்துக்கு வையுங்கள். வெளியேறுவது உயரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, சூடான காற்று மேலே போவதால் இன்னும் நல்லது. மாடிப்படியின் உச்சியில் திறந்து மூடும் ஒரு வென்டிலேட்டர் இருந்தால் முழு வீட்டின் சூட்டையும் அந்த வழி வெளியே இழுக்கும்.

எந்தப் பக்கம் காற்று வரும் என்பதை மனையின் நான்கு பக்கமும் கம்பு நட்டு, மார்பளவு உயரத்தில் துணி நாடாவைக் கட்டிப் பாருங்கள். முடிந்தால் வெவ்வேறு பருவங்களில். அக்கம்பக்கத்து வீடுகள் காற்றைத் திருப்பிவிடுவதால் ஊரின் பொதுவான காற்றுத் திசை உங்கள் மனைக்குப் பொருந்தாமல் போகலாம். கழிவறையும் சமையலறையும் காற்று வெளியேறும் பக்கத்தில் இருந்தால் வாடை வீட்டுக்குள் சுற்றாது.

ஒரே ஒரு வெளிச்சுவர் உள்ள அறை சிக்கலானது. நடுவில் ஒரு பெரிய ஜன்னலுக்குப் பதில் சுவரின் இரு முனைகளிலும் இரண்டு சிறிய ஜன்னல்கள் வைத்து, கதவுக்கு மேல் ஹாலை நோக்கி ஒரு வென்டிலேட்டரையும் சேருங்கள். இப்படி ஒரு பக்கம் மட்டும் திறப்புள்ள அறையில் கூரை உயரத்தின் இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்றோட்டத்தை நம்பலாம். இரு பக்கமும் திறந்தால் ஐந்து மடங்கு வரை எட்டும்.

ஜன்னலின் வகையையும் கவனியுங்கள். நகர்த்தும் ஜன்னலில் ஒரு பலகை மற்றொன்றின் பின்னால் போவதால் பாதிதான் திறக்கும். 6 அடி நகர்த்தும் ஜன்னலும் 3 அடி வெளியே திறக்கும் ஜன்னலும் காற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே. வெளியே திறக்கும் கதவின் கீலைக் காற்று போகும் திசைப் பக்கமாக வைத்தால், திறந்த கதவே ஓடும் காற்றைத் தடுத்து உள்ளே திருப்பிவிடும்.

வெளிச்சமும் சில் மட்டமும்

ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரை பகல் வெளிச்சம் உபயோகமாக எட்டும். 7 அடி என்றால் 14 முதல் 17 அடி. அகலத்தைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டினால் அறையின் உட்பகுதி வெளிச்சமாகும். இரண்டு சுவர்களில் இருந்து வெளிச்சம் வரும் அறை கண்ணுக்கு இதமாக இருக்கும்; ஒரே பக்கம் என்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இருட்டாகத் தெரியும். ஜன்னலைப் பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் அந்தச் சுவரே வெளிச்சத்தை அறைக்குள் பரப்பும். நடுச்சுவரும் சாமானுக்கு மிஞ்சும்.

மொத்த அளவுக்குத் தரைப் பரப்பில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12க்கு 10 அறைக்கு 12 முதல் 20 சதுர அடி. உங்கள் ஊரின் கட்டட விதி என்ன கேட்கிறது என்பதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

சில் மட்டத்தை, அதாவது ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து இருக்கும் உயரத்தை, எல்லா அறைக்கும் ஒன்றாக வைப்பதுதான் எனக்கு மிகவும் மனம் பொறுக்காத விஷயம். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் 4 அடி உயரத்தில் இருக்கிறது. ஹாலில் சில் இரண்டு, இரண்டரை அடியாக இருந்தால் வெளியே இருக்கும் செடியும் தரையும் தெரியும். கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் 3 அடி. சமையல் மேடைக்கு மேல் மூன்றரை அடி வேண்டும், இல்லையென்றால் உட்புறம் திறக்கும் ஜன்னல் குழாயில் இடிக்கும். குளியலறையில் ஐந்தரை அடிக்கு மேல். எழுதும் மேசைக்கு வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கம். கணினித் திரை ஜன்னலைப் பார்த்தபடியோ, ஜன்னலுக்கு முதுகு காட்டியபடியோ வந்தால் கண் கூசும். மாடியில் சில் தாழ்வாக இருந்தால் குழந்தைகளுக்காகக் கம்பித் தடுப்பு அவசியம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கிரில்லாவது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்கட்டும். ஒரு பெரியவர் வெளியேறும் அளவுக்கு, சுமார் 6 சதுர அடித் திறப்போடு. தீ பிடித்தால் அந்த வழிதான் மிச்சம்.

அடுத்த வீட்டின் ஜன்னல்கள் எங்கே என்று பிளானில் குறித்துக்கொண்டு, நேருக்கு நேர் வருவதை இரண்டடியாவது தள்ளுங்கள். ஆண்டு முழுவதும் திரையை மூடியே வைக்க வேண்டிய ஜன்னலால் யாருக்கும் பயனில்லை.

கட்டும் முன்னும், கட்டும்போதும்

திருத்திய பிளானை அட்டையில் ஒட்டி, சுவர்களை வெட்டி நிறுத்தி, கூரையைக் கழற்றி மாட்டும்படி ஒரு மாதிரி செய்யுங்கள். வடக்கு வடக்கைப் பார்க்கும்படி வெயிலில் வைத்து, காலையிலும் மாலையிலும் ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள். சொல்லில் புரியாத வீட்டார்கூட இதைப் பார்த்ததும் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மனையில் கயிறு கட்டி அறைகளைக் குறித்தும் நிற்கலாம். ஆனால் வெட்டவெளியில் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், பயந்துபோய்ச் சுவரை நகர்த்திவிட வேண்டாம். உங்கள் வண்ணக் காகித அளவுகளை நம்புங்கள்.

என்ஜினியரிடம் போகும்போது ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் கொடுத்து, எந்த மூலையிலிருந்து எத்தனை அடி, அகலம், உயரம், சில் மட்டம், எந்தப் பக்கம் திறக்கும், சன்ஷேட் எவ்வளவு என்று ஒரு பட்டியலாக எழுதிக் கொடுங்கள். நீங்கள் கேட்கும் இடத்தில் தூண் வருகிறது, பீம் தாழ்கிறது என்று அவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். வெளித்தோற்றத்தில் ஜன்னல்கள் ஒரே வரிசையில் வரவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் தாங்கு கட்டை) மட்டத்தைப் பொதுவாக வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பார்வைக்கு அதுவே போதும்.

சுவர் சில் மட்டத்துக்கு வந்த அன்று ஒரு நாற்காலியோடு மனைக்குப் போங்கள். கட்டில் வரும் இடத்தில், சோபா வரும் இடத்தில், மேசை வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். அன்றைக்கு ஓர் அடி நகர்த்த வேண்டும் என்றால் சில வரிசைக் கல்லோடு முடிந்துவிடும். லிண்டல் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த ஜன்னல் அங்கேயேதான்.